விசுவாசத்துக்கு எடை போடாதீர்கள்

கேள்வி:



நான் கடமலைக்குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 41. எங்கள் சபை சின்ன சபை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுநாள் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். மற்ற நாட்களில் ஒரு வியாபாரியிடம் வேலை. மேலே வருசநாட்டுப் பக்கமிருந்து வரும் இலவங்காய், நிலக்கடலை மூட்டைகளுக்கு எடை பார்த்துக் கணக்கு எழுதுவேன்.

என் தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. டயாலிசிஸுக்காக வாரத்தில் இரண்டு நாள் கண்டமனூர் வழியாகத் தேனிக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வந்தோம். சபையே உபவாசமிருந்து ஜெபித்தது. என் வகுப்புப் பிள்ளைகள்கூட ஞாயிறுதோறும் பேர் சொல்லி ஜெபித்தார்கள். போன பங்குனியில் தம்பி இறந்துவிட்டான். அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

அடக்கம் முடிந்த சில நாளில் வெளியூர் ஊழியர் ஒருவர் ஆறுதல் சொல்ல வந்தார். “இந்த வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைவு. மருந்தை விட்டுவிட்டுக் கர்த்தரை மட்டும் நம்பியிருந்தால் சுகம் வந்திருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கிறிஸ்தவர் அல்லாத அக்கம்பக்கத்தார், “உங்க சாமி ஏன் காப்பாத்தல?” என்று கேட்கிறார்கள். என் வகுப்பில் ஒரு பையன், “டீச்சர், மாமாவுக்காக நாம ஜெபம் பண்ணோமே, அப்புறம் ஏன்?” என்றான். அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. கேட்க ஆள் இருக்கிறாரா என்றே சில நாள் தோன்றுகிறது. இதை வெளியே சொல்லவும் பயமாக இருக்கிறது. எனக்கு மூன்று கேள்விகள்:

1. என் விசுவாசக் குறைவால்தான் தம்பி இறந்தானா?

2. இவ்வளவு சந்தேகத்தை உள்ளே வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது வேஷம்தானே? விட்டுவிடவா?

3. எங்கள் முதலாளி, சாக்குக் கழிவு என்ற பேரில் மூட்டைக்கு இரண்டு கிலோ குறைத்து எழுதச் சொல்கிறார். வெறும் சாக்கு ஒரு கிலோகூட இருக்காது. இத்தனை நாளாக எழுதிவிட்டேன். இப்போது அதுவும் சேர்ந்து உறுத்துகிறது. வேலையை விட்டால் ஐந்து பேர் சாப்பாடு போய்விடும். இயேசுவைப் பின்பற்றுவது என்றால் நான் என்ன செய்ய வேண்டும்?

— ஒரு சகோதரி, கடமலைக்குண்டு

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதல் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். இல்லை. உங்கள் தம்பி இறந்தது உங்கள் விசுவாசக் குறைவால் அல்ல. அவருடைய மனைவியின் விசுவாசக் குறைவாலும் அல்ல. சிறுநீரகம் செயலிழந்ததால் இறந்தார். வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி அவரை அழைத்துப் போய் வந்தீர்களே, அது அவிசுவாசம் அல்ல. ஒரு அக்காள் தம்பிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய அன்பு அது.

உங்களிடம் அப்படிப் பேசிய ஊழியரின் கணக்கு என்னவென்று பார்ப்போம். இவ்வளவு விசுவாசம் வைத்தால் இவ்வளவு சுகம் கிடைக்கும். சுகம் கிடைக்கவில்லை என்றால் விசுவாசம் குறைந்திருக்கிறது. இந்தக் கணக்கு அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தில் நிற்குமா என்று பாருங்கள். ஏரோது யாக்கோபைப் பிடித்து வாளால் கொன்றான். அடுத்துப் பேதுருவைப் பிடித்துச் சிறையில் வைத்தான். சபை ஊக்கமாக ஜெபித்தது. தூதன் வந்து பேதுருவை வெளியே கொண்டுவந்தான். இருவரும் இயேசுவோடு மலைமேல் ஏறியவர்கள், இருவருக்கும் ஒரே சபை. ஒருவர் கொலையுண்டார், மற்றவர் விடுதலையானார். யாக்கோபின் அம்மாவிடம் போய், “உனக்கு விசுவாசம் குறைவு” என்று யாராவது சொன்னதாக வேதத்தில் இருக்கிறதா?

அதே அதிகாரத்தில் இதைவிடச் சுவையான ஒரு செய்தி இருக்கிறது. விடுதலையான பேதுரு, ஜெபம் நடக்கும் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற வேலைக்காரப் பெண் குரலைக் கேட்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிச் சொல்கிறாள். உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பைத்தியம் என்கிறார்கள். பேதுருவுக்காக ஜெபித்தவர்களே, பேதுரு வந்து நின்றபோது நம்பவில்லை. அந்த ஜெபக்கூட்டத்தின் விசுவாசம் அவ்வளவுதான். ஆனாலும் பேதுரு வெளியே வந்துவிட்டார். விசுவாசத்தின் அளவுக்குத் தக்கபடிதான் பதில் வரும் என்றால், அன்றைக்குப் பேதுரு சிறையிலேயே இருந்திருக்க வேண்டும். ஒருவர் ஏன் பிழைத்தார், ஒருவர் ஏன் இறந்தார் என்பதற்கு அந்த அதிகாரம் காரணம் சொல்லவில்லை. வேதமே சொல்லாத காரணத்தை உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் சொல்ல முடியாது.

பவுல் தன் உடலில் இருந்த முள்ளுக்காக மூன்று முறை மன்றாடினார், முள் போகவில்லை. தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவிட்டு வந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, கெத்செமனேயில் தம்மைவிட்டுத் துன்பத்தின் பாத்திரம் நீங்க வேண்டும் என்று ஜெபித்தவர் இயேசு. அது நீங்கவில்லை. கேட்டது கிடைக்காதவர்களின் வரிசையில் நிற்கிறோமே என்று நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த வரிசையில் ஆண்டவரே நிற்கிறார்.

நம் தமிழ்நாட்டு மலை ஒன்றில் நடந்ததையும் சொல்கிறேன். ஜெஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் 1913-ல் கொல்லிமலைக்கு வந்த மிஷனெரிகள். காய்ச்சலில் கிடந்த மலைமக்களுக்கு மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், சுவிசேஷம் சொன்னார்கள். 1929-ல் மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸி இறந்தார். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தவர் அதே காய்ச்சலில் போனார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன் பாலுக்கு அப்போது வயது 14. இதில் யாருடைய விசுவாசம் குறைந்தது என்று சொல்வது? ஈவ்லின் ஊழியத்தை விட்டுவிடவில்லை. ஓய்வு பெறும் வயது வந்த பிறகும், மட்டக்குதிரையில் ஏறிக் கல்வராயன் மலை போன்ற வேறு மலைகளுக்குப் போய் ஊழியம் செய்தார். 1974-ல், 95 வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். மகன் பால் பிராண்ட் மருத்துவரானார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். கணவர் ஏன் இறந்தார் என்பதற்கு ஈவ்லினுக்குப் பதில் கிடைத்ததாக நான் எங்கும் படித்ததில்லை. பதில் வந்த பிறகுதான் வேலை என்று அவர் உட்கார்ந்திருக்கவும் இல்லை.

மருந்தை விட்டிருந்தால் சுகம் வந்திருக்கும் என்ற பேச்சு வெறும் தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. சுவிசேஷம் எழுதிய லூக்கா ஒரு வைத்தியர் என்று பவுலே குறிப்பிடுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு அந்தக் காலத்துக் கைமருந்தைத்தான் பவுல் சிபாரிசு செய்தார். 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பணியும் சரி, உங்களுக்குக் கொஞ்சம் பக்கத்திலேயே ஒட்டன்சத்திரத்தில் 1955-ல் தொடங்கிய கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவமனையும் சரி, ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்பதற்கு நம் கண்முன் நிற்கும் சாட்சிகள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் அதை நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ உயிர் போய்விடும். அதை நிறுத்தச் சொல்கிற யாருடைய பேச்சையும் எந்தச் சபையும் அனுமதிக்கக் கூடாது.

இனி இரண்டாவது கேள்வி. சந்தேகத்தோடு பாடம் நடத்துவது வேஷமா?

மத்தேயு சுவிசேஷத்தின் கடைசிப் பகுதியைத் திறந்து பாருங்கள். உயிர்த்தெழுந்த இயேசுவைப் பதினொரு சீஷரும் கலிலேயாவில் மலைமேல் பார்க்கிறார்கள். பணிந்துகொள்கிறார்கள், சிலர் சந்தேகப்படுகிறார்கள். கண்ணெதிரே ஆண்டவர் நிற்கும்போதே சந்தேகம். மத்தேயு அதை மறைக்காமல் எழுதிவிட்டார். அடுத்து நடந்ததுதான் உங்களுக்கான செய்தி. சந்தேகப்பட்டவர்கள் ஒதுங்கி நில்லுங்கள், மற்றவர்கள் போய்ப் போதியுங்கள் என்று இயேசு பிரிக்கவில்லை. எல்லாரையும் ஒன்றாக நிறுத்தி, சகல ஜாதிகளையும் சீஷராக்கும் வேலையை எல்லார் கையிலும் கொடுத்தார். உலகத்தின் முதல் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களில் சந்தேகக்காரர்களும் இருந்தார்கள்.

தோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அதற்குப் பிறகு எட்டு நாள் போகிறது. அந்த எட்டு நாளும் மற்றச் சீஷர்கள் அவரை விரட்டவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. இயேசு மறுபடி வந்தபோது தோமா அவர்களோடு அந்த வீட்டில் இருந்தார். சந்தேகம் தீருவதற்கு முன்பு அவர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அந்தத் தோமாதான் நம் சென்னைக்கு வந்து, சின்னமலையில் தங்கி, பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது நூற்றாண்டுகளாக வரும் மரபு. இந்தியத் திருச்சபை தன் தகப்பனாகக் கொண்டாடுவது சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்ன ஒருவரைத்தான்.

இதற்கு மறுப்பாக யாக்கோபு நிருபத்தை உங்களிடம் யாராவது நீட்டலாம். சந்தேகப்படுகிறவன் அலை போன்றவன், அவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்று அதில் வருகிறதே என்பார்கள். அந்தப் பகுதியை முழுதாகப் படியுங்கள். யாக்கோபு கண்டிப்பது இருமனமுள்ளவனை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பவனை. தேவனிடம் ஞானத்தைக் கேட்டுக்கொண்டே, கிடைத்தால் அதன்படி நடப்பதா வேண்டாமா என்று பேரம் பேசுகிறவனை. நீங்கள் அப்படி இல்லை. இரவெல்லாம் தூங்காமல் ஆண்டவரையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கேட்க ஆள் இருக்கிறாரா என்ற சந்தேகத்தைக்கூட நீங்கள் யாரிடம் முறையிடுகிறீர்கள்? பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன், நம்புகிறேன் என்றும் என் நம்பிக்கையின்மைக்கு உதவி செய்யும் என்றும் ஒரே மூச்சில் கதறியதை மாற்கு எழுதிவைத்திருக்கிறார். அந்த அரைகுறைக் கதறலுக்கு இயேசு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கவில்லை. பையனைக் குணமாக்கிக் கைப்பிடித்துத் தூக்கிவிட்டார்.

ஜெபத்தில் உள்ளே ஒன்றுமே தோன்றவில்லை என்கிறீர்கள். அன்னை தெரசாவுக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் கத்தோலிக்கர், நாம் வேறு சபை என்று தள்ளிவிடாமல் கேளுங்கள். 1948-ல் கல்கத்தாவின் சேரிகளுக்குள் இறங்கியவர். அந்தக் காலத்தை ஒட்டித் தொடங்கிய உள்ளிருட்டு, இடையில் சிறிது காலம் நீங்கலாக, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. ஆண்டவர் தன்னை விரும்பவில்லையோ, இருக்கிறாரோ இல்லையோ என்றெல்லாம் தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதினார். அந்தக் கடிதங்களை அழித்துவிடும்படியும் கேட்டார். 1997-ல் அவர் இறந்து பத்தாண்டு கழித்து, 2007-ல் அவை புத்தகமாக வெளிவந்தபோது உலகமே அதிர்ந்தது. அந்த இருட்டிலும் அவர் விடியற்காலையில் எழுந்து ஜெபித்தார். தெருவில் கிடந்தவர்களைத் தூக்கினார். அவரிடமிருந்து நான் கற்றுக்கொள்வது ஒன்றுதான். உணர்ச்சி வற்றிப்போனதால் உறவு முறிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

எனவே, வகுப்பை விடாதீர்கள். ஆனால் நடத்துகிற விதத்தில் ஒன்றை மாற்றுங்கள். அந்தப் பையன் மறுபடி கேட்டால், கேட்காவிட்டாலும் நீங்களே அவனைக் கூப்பிட்டு, “ஏன் என்று எனக்குத் தெரியாது தம்பி. நானும் ஆண்டவரிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாம் ஜெபித்தது வீண் என்று நான் நினைக்கவில்லை” என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதுதான் வேஷம். தெரியாது என்று சொல்கிற ஆசிரியரைப் பிள்ளைகள் வாழ்நாள் முழுவதும் நம்புவார்கள். லாசருவுக்காக இயேசு அழுத பாடத்தை அடுத்த வாரம் எடுங்கள். எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தவரே அழுதார் என்றால், நாம் அழுவதில் பாவம் ஒன்றுமில்லை என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

அக்கம்பக்கத்தார் கேள்விக்கும் இதே நேர்மை போதும். தேவனுக்காக வாதாட உங்களை யாரும் வக்கீலாக அமர்த்தவில்லை. “எனக்கும் தெரியலக்கா, மனசு ஆறல” என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது உங்களைக் குத்திக்காட்ட அல்ல. அவர்களுக்கும் உங்கள் தம்பியைத் தெரியும்.

ஜெபத்துக்கு வார்த்தை வரவில்லை என்றால் 88-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கையில் வந்து நிற்கும். அதுவோ இருட்டிலேயே முடியும். அப்படியும் அது வேதத்தில் இருக்கிறது. உங்கள் நிலைமையில் ஜெபிக்கிறவர்களுக்காகவே வைக்கப்பட்டது அது. கூடவே, சபையில் நிதானமான ஒரு மூத்த சகோதரியிடம், வாய்க்கு வெளியே விடாதவராகப் பார்த்து, எனக்கு எழுதியதையெல்லாம் சொல்லுங்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனநலத்துக்கான அரசின் இலவசத் தொலைபேசி எண் 14416, தமிழில் பேசலாம். சிறுநீரகத்துக்கு மருத்துவம் பார்த்தது போலத்தான் இதுவும்.

மூன்றாவது கேள்வியைக் கடைசியில், சற்றுத் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

லூக்கா 17-ல் சீஷர்கள் இயேசுவிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறார்கள்: எங்கள் விசுவாசத்தைக் கூட்டித் தாரும். உங்கள் விண்ணப்பமும் அதுதான். இயேசு கூட்டித் தருகிறேன் என்று சொல்லவில்லை. கடுகளவு இருந்தாலே போதும் என்றார். அதோடு நிறுத்தாமல், உடனே வயலில் உழுதுவிட்டு வீட்டுக்கு வரும் ஒரு வேலைக்காரனைப் பற்றிப் பேசினார். அவன் வந்ததும் சமைத்துப் பரிமாறுகிறான். செய்ய வேண்டியதைத்தான் செய்தோம் என்று நீங்களும் சொல்லுங்கள் என்கிறார் இயேசு. விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் வேலையைப் பற்றி ஏன் பேசுகிறார்? எவ்வளவு விசுவாசம் இருக்கிறது என்று அளந்து பார்ப்பதை விட்டுவிடு, இருக்கிற கடுகளவை வைத்துக்கொண்டு இன்றைய வேலையைச் செய் என்பதற்குத்தான் என்று நான் வாசிக்கிறேன். சந்தேகம் தீர்ந்த பிறகு இயேசுவைப் பின்பற்றலாம் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். பின்பற்றுகிற வழியில்தான் பல சந்தேகங்கள் தீர்கின்றன. தீராதவையும் நம்மை வீழ்த்தும் பலத்தை இழக்கின்றன.

உங்களுக்கு இன்றைய வேலை தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கள்ளத்தராசைக் கர்த்தர் அருவருக்கிறார் என்பது நீதிமொழிகளில் உண்டு. மரக்காலைச் சிறிதாக்கி ஏழைகளை விலைக்கு வாங்கியவர்கள்மேல் ஆமோஸ் தீர்க்கதரிசி கொதித்துப் பேசினார். சாக்கின் எடை போக, மூட்டைக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறைப்பது பெரிய முதலாளிக்கு ஒன்றுமில்லை. மேலேயிருந்து ஜீப்பில் நாலு மூட்டை இறக்குகிற சம்சாரிக்கு அது ஒரு வேளைக் குழம்புச் செலவு.

ஆனால் நாளைக்கே வேலையை உதறிவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஊரைச் சுரண்டுவதற்குப் பேர்போன வரி வசூலிப்பவர்கள் யோவான் ஸ்நானகனிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். வேலையை விடச் சொல்லுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்று மட்டும் சொன்னார். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். வெறும் சாக்கைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். அந்த எடையை முதலாளியிடம் காட்டி, “இவ்வளவுதான் கழிவு வருது அண்ணாச்சி, இதையே எழுதுறேன். நான் கும்பிடுற ஆண்டவருக்கு முன்னால எனக்கு வேற மாதிரி எழுத முடியல” என்று மரியாதையோடு சொல்லுங்கள். சண்டை வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். எடை நேராக இருக்கிற இடத்துக்குத்தான் சம்சாரிகள் மறுபடி மூட்டையைக் கொண்டுவருவார்கள் என்பது அவருக்கும் தெரிந்த வியாபாரம்தான். எடையைக் குறைத்துக் காட்டுவது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குற்றம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். மிரட்டுவதற்காக அதைச் சொல்லாதீர்கள். கையெழுத்து உங்களுடையது என்பதால் நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அவர் ஒத்துக்கொண்டால் நல்லது. ஒத்துக்கொள்ளாவிட்டால், எடை எழுதும் வேலைக்குப் பதிலாகக் காய் உடைப்பது, பஞ்சு பிரிப்பது போன்ற வேறு வேலை கேளுங்கள். கூலி குறையலாம். அப்போது உங்கள் சபை சும்மா இருக்கக் கூடாது. ஒரு குடும்பம் நேர்மைக்காகக் கூலியை இழந்தால், அந்தக் குறைவை ஈடுகட்டுவதற்குத்தான் காணிக்கைப் பெட்டி இருக்கிறது. உங்கள் போதகரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். கடந்த நாட்களில் எழுதியதற்காக மனம் உடைந்து கிடக்க வேண்டாம். அறிக்கையிடுங்கள்; யாருக்காவது திருப்பிச் செய்ய முடிந்தால் செய்யுங்கள்; எல்லாருக்கும் செய்ய முடியாது என்றால் இனி எழுதுவதை நேராக எழுதுங்கள்.

வரி வசூலிப்பவர்களுக்கு அவ்வளவு தெளிவாக வழி சொன்ன யோவானைப் பற்றி இன்னும் ஒன்று. பின்னாளில் சிறையில் கிடந்தபோது அவருக்கே சந்தேகம் வந்தது. வர வேண்டியவர் நீர்தானா, வேறொருவருக்குக் காத்திருக்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். இயேசு கோபித்துக்கொள்ளவில்லை. குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள், தரித்திரருக்கு நற்செய்தி கிடைக்கிறது என்று, நடந்துகொண்டிருப்பதைச் சொல்லி அனுப்பினார். அந்த ஆட்கள் போன பிறகு கூட்டத்தைப் பார்த்து, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவரைவிடப் பெரிய தீர்க்கதரிசி இல்லை என்று புகழ்ந்தார். யோவான் சந்தேகப்பட்ட அதே நாளில் இயேசு அவரைப் பெருமையாகப் பேசினார். யோவான் விடுதலையாகவில்லை, சிறையிலேயே தலை வெட்டப்பட்டார். சந்தேகமும் கேட்கப்படாத ஜெபமும் நேர்மையும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

இதைப் படிக்கும் சபையாருக்கும் ஊழியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாவு வீட்டுக்குப் போகும்போது யாருடைய விசுவாசம் எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்காதீர்கள். அந்தத் தராசு உங்கள் கையில் கொடுக்கப்படவில்லை. பேசத் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்காருங்கள். அரிசி கொண்டுபோங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை விசாரியுங்கள்.

சகோதரி, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போங்கள். திங்கட்கிழமை வெறும் சாக்கை எடை போட்டுக் காட்டுங்கள். இந்த இரண்டுக்கும் உங்களிடம் இருக்கிற விசுவாசம் போதும்.